எத்தனை பவுண்டு ஸ்பிரிங் வாங்குவது?

கேள்வி: ஐயா, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் பிரிவில் .22 அரைத் தானியங்கித் துப்பாக்கியில் சுடுகிறாள். ரீகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னால் போகும் பாகத்தைத் திருப்பி முன்னால் தள்ளும் சுருள்) தளர்ந்துவிட்டது, லைட்டானதாகப் போட்டால் துப்பாக்கி குதிக்காது என்று அவளோடு ஆடுகிறவர்கள் சொல்கிறார்களாம். ஆயுதக் கடையில் கேட்டால், "எத்தனை பவுண்டு வேண்டும்? ஐந்தாறு எடையில் செட்டாக வரவழைத்துத் தருகிறேன், பாப்பா போட்டுப் பார்க்கட்டும்" என்கிறார். செட்டாக வாங்குவதா, ஒன்று போதுமா? இந்தப் பவுண்டு என்பது என்ன கணக்கு?

பதில்: செட் வேண்டாம். துப்பாக்கி செய்த கம்பெனியே கொடுக்கும் அதே எண்ணுள்ள புது ஸ்பிரிங் ஒன்று வாங்குங்கள். முதலில் அதைப் போட்டுச் சுடட்டும். "லைட்டானது வேண்டும்" என்று தோன்றுகிற பாதிப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது புதிய ஸ்பிரிங்தான்.

பவுண்டு என்பது ஸ்பிரிங்கின் எடை அல்ல. ஸ்லைடு (துப்பாக்கியில் முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பாகம்) பின்னால் முழுதாகப் போய் நிற்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு நீளத்துக்குச் சுருங்குமோ, அந்த நீளத்தில் அது திருப்பித் தள்ளுகிற விசையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு பவுண்டு ஏறக்குறைய 454 கிராம். 1911 வகை .45 துப்பாக்கிக்கு 16 பவுண்டு வழக்கமான எடை. மெதுவான இலக்குத் தோட்டா சுடுகிறவர்கள் அதை 12 வரைகூடக் குறைப்பார்கள். இந்த எண்களைக் கேட்டுக்கொண்டு வந்து உங்கள் மகளின் .22-க்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். வேறு துப்பாக்கி, வேறு நீளம், வேறு கணக்கு. இரண்டு கம்பெனிகள் ஒரே எண்ணை அச்சிட்டிருந்தாலும் இரண்டும் ஒரே விசை என்று நம்ப முடியாது.

அந்த ஸ்பிரிங் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. தோட்டா வெடித்ததும் ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. போகிற வழியில் காலிக் கூட்டை வெளியே தள்ளுகிறது, ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை, ஏற்றுகிறது, ஸ்பிரிங்கை அமுக்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு போய் மூடுகிறது. ஸ்பிரிங் அளவுக்கு மேல் கடினமாக இருந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. காலிக் கூடு வாயிலில் மாட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும். மூடும்போது வேகமாக அடிப்பதால் குழல் முனையும் கீழே இறங்கும். அளவுக்கு மேல் மென்மையாக இருந்தால் ஸ்லைடு பின்பக்கம் போய்ச் சட்டத்தில் ஓங்கி மோதும். திரும்பி வரும்போது தெம்பு இருக்காது, கடைசி ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நின்றுவிடும்.

துப்பாக்கி குதிப்பதை ஸ்பிரிங் குறைத்துவிடாது. தோட்டா முன்னால் போகிற வேகத்துக்கு ஏற்ற தள்ளு கைக்கு வந்தே தீரும். அது ஒரே அடியாக வருகிறதா, பரவி வருகிறதா என்பதைத்தான் ஸ்பிரிங் மாற்றும். உங்கள் மகளின் பிரிவில் வேகச் சுற்றில் இலக்கு 3 விநாடி மட்டும் முகம் காட்டும், பிறகு 7 விநாடி மறையும். ஒரு முறைக்கு ஒரு குண்டு. அங்கே ஸ்பிரிங் சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்ற இன்னொரு பிரிவில் 10 விநாடியில் 5 குண்டு சுட வேண்டிய சுற்றுக்கு வந்தால் தெரியும். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். மென்மையைவிட, ஐந்து தடவையும் ஒரே மாதிரி திரும்புவதுதான் முக்கியம்.

ஸ்பிரிங்குக்கு முன்னால் தோட்டாவை முடிவு செய்யுங்கள். .22 போட்டித் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டாவுக்காகவே செய்யப்படுகின்றன. 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு, விநாடிக்கு சுமார் 1,070 அடி வேகம். ஹை வெலாசிட்டி என்று விற்பவை 1,200 அடியைத் தாண்டும். ஒரு மாதம் இது, அடுத்த மாதம் அது என்று மாற்றிச் சுட்டால் எந்த ஸ்பிரிங்கும் சரியாக அமையாது. ஒரே தோட்டாவில் குறைந்தது ஒரு பெட்டி சுட்ட பிறகு பேசுவோம்.

அப்புறம் சோதனை. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடட்டும். கடைசித் தோட்டாவில் ஸ்லைடு திறந்து நிற்கும் வகைத் துப்பாக்கி என்றால், அது ஒவ்வொரு முறையும் நிற்க வேண்டும். கையை இறுக்கிப் பிடித்தும், சற்றுத் தளர்த்திப் பிடித்தும் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் மட்டும் நிற்கிறது என்றால் ஸ்பிரிங் கடினம், அல்லது மேகசினில் கோளாறு. காலிக் கூடுகள் விழும் இடத்தையும் கவனியுங்கள். 1 முதல் 2 மீட்டருக்குள் ஒரே பக்கமாகக் குவிந்தால் நல்லது. காலடியில் சொத்தென்று விழுந்தால் கடினம். பக்கத்துத் தடத்தில் சுடுபவர் மேல் போய் விழுந்தால் மென்மை.

உங்களிடம் எங்கள் யாரிடமும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கொலுசு நிறுக்கும் தராசு. பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் தராசுத் தட்டில் நிறுத்தி, இரண்டையும் ஒரே நீளத்துக்கு அமுக்கிக் கிராம் பாருங்கள். சரிந்து தெறிக்காமல் இருக்க உள்ளே ஒரு கம்பி கொடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தராசு எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் பழையது களைத்துவிட்டது. புதியதன் கணக்கை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். சில ஆயிரம் ரவுண்டு கழித்து மறுபடி அமுக்கிப் பார்த்தால், மாற்ற வேண்டுமா என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

புது ஸ்பிரிங்கிலும் ஸ்லைடு முழுதாகத் திறக்கவில்லை என்றால் மட்டும் ஒரு படி மென்மையானது வாங்குங்கள். ஒரே ஒரு படி. வருடங்களுக்கு முன்னால் நான் இதற்கு நேரெதிராகச் செய்தேன். ஒருவர் பேச்சைக் கேட்டு, கடினமானது போட்டால் துப்பாக்கி நீண்ட நாள் உழைக்கும் என்று போட்டியின் காலையில் மாற்றினேன். 10 விநாடிச் சுற்றில் இரண்டாவது கூடு வாயிலில் மாட்டிக்கொண்டது. அன்று போன மனம் அந்தப் போட்டி முடியும்வரை திரும்பவில்லை. மகளுக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள்: சுற்றின் நடுவே மாட்டிக்கொண்டால் குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்க வேண்டும். ஸ்லைடைத் தொட்டுவிட்டால் அனுமதிக்கத்தக்க கோளாறு (சுடுபவர் தவறல்ல என்று விதி சலுகை தரும் கோளாறு) என்று கேட்கும் உரிமை போய்விடும்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம். .32 சென்டர் ஃபயர் பிஸ்டல் சுடுகிறேன். சேலத்தில் சுடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மார்கழிக் காலையில் இங்கே எடுத்து ஸ்லைடை இழுத்து விட்டால் சோம்பலாக மூடுகிறது, சில நேரம் முழுதாக மூடுவதே இல்லை. மலை உயரம் காரணமா? இன்னும் இரண்டு பவுண்டு கூட்டி வாங்கலாமா?

பதில்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரம் ஸ்பிரிங்கை ஒன்றும் செய்யாது. குளிர்தான் செய்கிறது, அதுவும் ஸ்பிரிங்கை அல்ல, கிரீஸை. சேலத்து வெயிலில் வழியாமல் இருக்கட்டும் என்று கெட்டியான கிரீஸ் போட்டிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் அது மெழுகு மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்லைடு ஓடும் தடங்களைத் துடைத்துவிட்டு, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மலை ஈரத்தில் தோட்டா செல்லும் அறையும் சீக்கிரம் அழுக்குப் பிடிக்கும். .32 வாட்கட்டர் என்னும் தட்டைமுனைத் தோட்டாவில் குண்டு கூட்டின் வாயோடு சமமாக நிற்பதால், உள்ளே போகும்போது கொஞ்சம் அழுக்கிலும் தட்டும். அதையும் பிரஷ் போட்டுத் துடையுங்கள்.

பவுண்டைக் கூட்டினால் குளிரில் மூடும், உண்மைதான். ஆனால் அதே துப்பாக்கியைச் சேலத்துக்குக் கொண்டுவந்து மென்மையான வாட்கட்டர் சுட்டால் ஸ்லைடு பின்னால் போகாது. காசு செலவழித்து ஒரு கோளாறைக் கொடுத்து இன்னொரு கோளாறை வாங்குவீர்கள்.

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் ஒரு பட்டறையில் எந்த ஸ்பிரிங்கைக் காட்டினாலும் அதே மாதிரி சுற்றித் தருகிறார்கள். வெளிநாட்டு ஸ்பிரிங் விலையில் பத்தில் ஒரு பங்குதான். செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. கம்பியின் கனம் மாறினால் ஸ்பிரிங்கின் விறைப்பு கனத்தின் நான்காம் அடுக்கில் மாறும். 1 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 1.05 கிடைத்தது என்று சுற்றிவிட்டால், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. விறைப்பு 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். பட்டறைக்காரர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பம்புசெட்டுக்கும் தறிக்கும் அவர் சுற்றுவது அருமையாக உழைக்கும். இங்கே தேவைப்படும் கம்பியும் சூட்டுப் பதமும் வேறு.

நீளமான ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிட்டால் லைட்டாகிவிடும் என்பதும் தவறு. வெட்டினால் ஆரம்ப அழுத்தம் குறையும், மீதமுள்ள சுற்றுகளின் விறைப்போ கூடும். மூடும் இடத்தில் பலம் இல்லாமலும், திறக்கும் இடத்தில் முரண்டு பிடித்தும் நிற்கும்.

இன்னொன்று. ஆயுதச் சட்டம், 1959-இல் ஆயுதம் என்ற சொல்லுக்குள் உதிரிபாகங்களும் அடங்கும். செய்வது, விற்பது, பழுது பார்ப்பது எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். உங்கள் சில நூறு ரூபாய் லாபத்துக்காக அந்தப் பட்டறைக்காரரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். வெளிநாட்டுக் கடையில் ஆன்லைனில் ஆர்டர் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்: இறக்குமதிக்கும் உரிமம் உண்டு, கஸ்டம்ஸில் நின்றுபோகும். உரிமம் பெற்ற ஆயுதக் கடை வழியாகவோ கிளப் வழியாகவோ வாங்கி, ரசீதில் துப்பாக்கியின் மாடலையும் ஸ்பிரிங்கின் பாக எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வெறும் "ஸ்பிரிங் 1" என்று எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு, தவறான பொருள் வந்தால் மாற்றித் தரச் சொல்ல முடியாது.

கேள்வி: என் ஸ்டாண்டர்ட் பிஸ்டலின் ட்ரிகர் 1,150 கிராம் காட்டுகிறது. ஹேமர் ஸ்பிரிங்கை லைட்டாக மாற்றி 1,000-க்குக் கொண்டுவரலாமா?

பதில்: அந்த ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். .22 தோட்டா வெடிக்க, ஹேமர் அடிக்கும் ஃபயரிங் பின் அதன் விளிம்பை நசுக்க வேண்டும். ஹேமரின் அடி மென்மையானால் பத்தில் ஒன்று வெடிக்காமல் நிற்கும். ட்ரிகரில் அதற்கென்றே திருகு இருக்கும், அதைத் திருப்பி 1,040, 1,050 அளவில் நிறுத்துங்கள். 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டலில் 1,000 கிராம் என்பது குறைந்தபட்ச அளவு. குழலை நேராக நிமிர்த்தி, எடையைத் தொங்கவிட்டுத்தான் சோதிப்பார்கள். சரியாக 1,000-இல் வைத்துவிட்டு வரிசையில் நின்றால், எடை தூக்காமல் நழுவுகிற நேரத்தில் வயிறு கலங்கும்.