முழங்கால் வலிக்கிற அம்மாவோட ஆத்தோரமா ஒரு ரவுண்டு

கேள்வி: அக்கா, நாங்க தலவாக்கலை பக்கம் தோட்டம். அம்மா காலம் பூரா மலையில கொழுந்து எடுத்தவங்க, இப்ப முழங்கால் வலி, ஏத்தம்னா முடியாது, இறக்கம் அதைவிட மோசம். கூட சின்னப் பிள்ளைங்க ரெண்டு. ஹோட்டன் சமவெளிக்குத்தான் போகணும்னு தம்பி ஒத்தக்கால்ல நிக்கிறான். ஏறி இறங்காம, போன வழியே திரும்பி வராம, தண்ணி பக்கமா ஒரு சுத்து நடந்துட்டு வர எங்கயாச்சும் இடம் இருக்கா? காலையில போய் ராத்திரிக்குள்ள வீடு வரணும்.
- வாசகி, தலவாக்கலை

பதில்: தம்பியை இன்னொரு நாள் கூட்டாளிங்களோட அனுப்பி விடுங்க தங்கச்சி. ஹோட்டன் சமவெளியும் ஒரு சுத்துதான், ஆனா அது 9.5 கிலோமீட்டர், பேர்லதான் சமவெளி, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி பக்கம் கல்லும் வேருமா இறங்கி ஏறணும். அதுவும் 2,000 மீட்டருக்கு மேல உள்ள இடம், மூச்சு வாங்கும். அங்க உலக முடிவுன்னு சொல்ற மலை விளிம்புல ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனி வந்து மறைச்சிரும்னு விடிய முன்னமே எழும்பி ஓடணும். அம்மாவுக்கு எதுக்கு அந்தப் பாடு?

பேராதனை பூந்தோட்டத்துக்குப் போங்க. "அட, ஸ்கூல் ட்ரிப்ல பாத்ததுதானே"ன்னு சொல்லுவீங்க, தெரியும். ஸ்கூல் ட்ரிப்ல நம்ம என்னத்தைப் பாத்தோம், லைன்ல நின்னோம், புளிச்சோறு தின்னோம், பஸ்ல வாந்தி எடுத்தோம். அந்த 147 ஏக்கரையும் மூணு பக்கமா மகாவலி வளைச்சுக்கிட்டு ஓடுது, குதிரை லாடம் மாதிரி. அதனால மெயின் கேட்டால உள்ள போய் வலது பக்கமா புடிச்சு, ஆத்தை வலது கைப்பக்கமே வச்சிக்கிட்டு நடந்தா வழி கேக்கத் தேவையில்ல, சுத்தி வந்து அதே கேட் பக்கந்தான் நிப்பீங்க. பெரும்பாலும் சமதரை. அம்மா நடையில நின்னு நின்னு போனா ரெண்டு மணித்தியாலம், ரெண்டரை மணித்தியாலம்னு வச்சிக்கோங்க.

முக்கால்வாசிப் பேரு உள்ள போன உடனே பாக்கு மரம் மாதிரி நெட்டையா நிக்கிற ரோயல் பாம் வரிசையில போட்டோ புடிச்சு, பெரிய புல்வெளியில பாயை விரிச்சுச் சாப்பிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. எனக்குப் புடிச்சது ஆத்தோரத்து ராட்சத மூங்கில்தான். கிட்டப் போய் நில்லுங்க, ஒவ்வொண்ணும் நம்ம தொடை மொத்தத்துக்கு இருக்கும், காத்தடிச்சா பழைய கதவு மாதிரி கிரீச்சுனு முனகும். பிள்ளைங்க கீழ கெடக்குற மூங்கில் மட்டையை எடுத்து விளையாடப் பாக்கும், விடாதீங்க, அதுல பழுப்பு நிறத்துல பொடி முடி இருக்கு, கையில குத்தினா அரிப்பு தாங்காது, எங்க பெரியம்மாவுக்கு அப்பிடித்தான் ஆச்சு, வீடு வரைக்கும் சொறிஞ்சிக்கிட்டே வந்தாங்க. புதருக்குப் புதர் குடை விரிச்சிருக்கும், மழைன்னு நினைச்சிராதீங்க, காதல் சோடிங்க, பாக்காத மாதிரி போயிருங்க.

உயர மரங்கள்ல கறுப்புப் பை கட்டித் தொங்கவிட்ட மாதிரி வௌவால் தொங்கும். அது பழந்தின்னி, ஒண்ணும் செய்யாது, பகல்லயும் ஒண்ணோட ஒண்ணு சண்டை புடிச்சுக் கத்தும், பிள்ளைங்களுக்கு அது போதும். அடியில மட்டும் நிக்காதீங்க, தலையில என்ன விழும்னு சொல்லத் தேவையில்ல. தொங்கு பாலம் தொறந்திருந்தா ஏறிப் பாருங்க, ஆடும், அம்மாவை இந்தப் பக்கமே உக்கார வைங்க. மூடியிருந்தா பரவாயில்ல.

ஆத்தைப் பாத்து உக்காரும்போது அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க: அந்தத் தண்ணியில உங்க ஊர்த் தண்ணியும் இருக்கு. தலவாக்கலையில ஓடுற கொத்மலை ஓயா மகாவலியில சேர்ந்துதான் இங்க வருது. இன்னொண்ணு, தேயிலைச் செடி இந்த நாட்டுல முதல்ல வந்து இறங்கினதும் இதே பூந்தோட்டத்துலதான், 1824ல சீனாவுல இருந்து, பிறகு 1839ல கல்கத்தாவுல இருந்தும் வந்துச்சு. ஜேம்ஸ் டெய்லர்ங்கிற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துரவுல 19 ஏக்கர்ல தோட்டமா போட்டது அப்புறம் 1867லதான். அம்மா முதுகுல கூடை ஏறின கதை இங்க இருந்துதான் ஆரம்பிக்குது. ரஷ்ய இளவரசர் 1891ல நட்ட மரம், விண்வெளிக்குப் போன ககாரின் 1961ல நட்ட மரம்னு போர்டு போட்டு வச்சிருக்காங்க, தேயிலைக்குத்தான் யாரும் நின்னு போட்டோ புடிக்கிறதா நான் பாக்கல.

போற வழி: கொழும்பு போற கோச்சியில பேராதனை சந்தியில இறங்கி த்ரீவீல் புடிங்க, இல்லாட்டி கம்பளை வழியா கண்டி போற பஸ்ல ஏறி பேராதனையில இறங்குங்க. காலை 7.30க்கே தொறந்திருவாங்க, வெயில் ஏற முன்னம் ஆத்தோரத்தை முடிச்சிட்டு, பகலைக்கு பெரிய அத்தி மர நிழல்ல ரொட்டியும் கட்டச்சம்பலும். ஷொப்பிங் பேக்கைக் கையில தொங்கவிட்டுக்கிட்டுப் போகாதீங்க, குரங்கு புடுங்கிரும். ஆத்துல மட்டும் கால் நனைக்க இறங்காதீங்க, மேல மழை பேஞ்சா இழுவை ஜாஸ்தி.

கேள்வி: பேராதனையில இருக்கிற ரெட்டைத் தேங்காய் விக்கிறாங்களா? எங்க மாமா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்றார்.
- வாசகர், ஹட்டன்

பதில்: விக்க மாட்டாங்க. அது சீஷெல்ஸ் தீவு மரம், உலகத்துலயே பெரிய விதை அதோடதுதான், காய் முத்தவே ஆறேழு வருஷம் ஆகும், ஒண்ணே 20 கிலோ வரைக்கும் வரும். மாமாவுக்கு கம்பளை டவுன்ல சாதாத் தேங்காய் ரெண்டு வாங்கிட்டுப் போங்க.