10க்கு 12 அடி ஹாலுக்கு எல் வடிவ சோபா சரிவருமா?

எல் வடிவம் வேண்டாம். எதிரெதிரே இரண்டு வாசல் இருக்கிறது என்கிறீர்கள், அந்த ஹாலுக்கு மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றும் தனி நாற்காலி இரண்டும் போதும், ஆள் வந்தால் நகர்த்திக்கொள்ளலாம்.

உங்கள் பழைய சோபாவின் ரெக்சின் செதில் செதிலாக உரிந்ததற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். குளச்சலில் கடல்காற்று, போதாததற்கு நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, மேல்பூச்சு எப்படித் தாங்கும்? தேக்கிலோ அயனியிலோ (காட்டுப் பலா வகை மரம்) மரச் சோபா எடுத்து, கழற்றித் துவைக்கிற பருத்தி உறை போடுங்கள்.

வாங்குமுன் சோபாவின் அளவுக்குப் பழைய செய்தித்தாளைத் தரையில் ஒட்டி, ஒருநாள் முழுக்க அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள், இரண்டரை அடி வழி மிஞ்சவில்லை என்றால் அளவைக் குறையுங்கள். அப்புறம் வாசல் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

பாலிஷ் போடாத அடிப்பக்கத்தைத் திருப்பி, என்ன மரம் என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சரியாகப் பதப்படுத்தாத ரப்பர் மரம் என்றால் சீக்கிரமே வண்டு துளைத்து மாவாகக் கொட்டும்.