நிலத்த வித்து மெடிக்கல் சீட் வேணாம், அவ பாசி படிக்கட்டும்

பரமக்குடியில இருந்து ஒரு அப்பா எழுதியிருக்கார். பொண்ணுக்கு ரெண்டாவது தடவையும் நீட்ல மார்க் பத்தல, நிலத்த வித்தாவது டீம்டு யுனிவர்சிட்டில சேத்துடுன்னு சொந்தக்காரங்க நெருக்குறாங்க, அவ என்னடான்னா தொண்டியில சித்தி வீட்டுக்கு போறப்பல்லாம் கரை ஒதுங்குற பாசிய பொறுக்கி நோட்டுல ஒட்டி வச்சிட்டு இருக்கா, என்ன சார் பண்றதுன்னு.

அண்ணே, எல்லாம் சரியாயிடும்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல. நிலத்த விக்காதீங்க. வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல கேக்குற இடமெல்லாம் இருக்கு, சேத்துடுன்னு சொல்ற சொந்தக்காரங்க ஒருத்தரும் நாளைக்கு வட்டி கட்ட வரமாட்டாங்க. நர்சிங், இன்ஜினியரிங் பத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, நான் அந்த நோட்டப் பத்தி மட்டும் பேசுறேன்.

தொண்டி பக்கம் பாக் விரிகுடா கடலுக்கு அடியில புல்லும் இருக்கு, பாசியும் இருக்கு, ரெண்டும் வேற வேற. கடல்புல்லுக்கு வேர் உண்டு, பூ பூக்கும். பாசிக்கு வேர் கிடையாது, பெரும்பாலான பாசிக்கு ஒட்டிக்க கல்லோ சிப்பியோ வேணும். அப்ப மணலும் சேறுமா கெடக்குற பாக் விரிகுடாவுல அது எங்க ஒட்டும்? புல்லு இலையிலதான். அதுலயும் நுனிப்பக்கம்தான் பாசி அடர்த்தியா இருக்கும், ஏன்னா இலை அடியில இருந்து வளருது, நுனிதான் வயசான பாகம். இலை உதிர்ந்தா பாசியும் கூடவே போயிடும், அதனால சட்டுனு முளைச்சு சட்டுனு வித்து விடுற வகைக்குத்தான் அங்க பொழப்பு. புல்லு அடர்த்தியா இருந்தா கீழ வெளிச்சம் இறங்காது, நிழல் தாங்குறதுதான் நிக்கும், மணல்லயே கால் ஊனுற காலெர்ப்பா மாதிரி பாசி இடைவெளி பாத்து படரும், எங்கயோ பிச்சுக்கிட்டு மிதந்து வர்ற கஞ்சிப்பாசி புல்லுல சிக்கி அங்கயே தங்கிடும். சாக்கடையும் உரமும் கடல்ல கூடினா கதை மாறிடும், பாசி இலைய மூடி புல்லயே சாகடிச்சிடும், கடல்பசுவுக்கு மேய்ச்சல் போயிடும். 2022-ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரமா 448 சதுர கிலோமீட்டர கடல்பசு காப்பகமா அறிவிச்சிருக்காங்க, அங்க எந்த புல்லுக்கு நடுவுல எந்த பாசி, எந்த மாசம், எவ்ளோன்னு இறங்கி எண்ண ஆள் வேணும்ல? உங்க பொண்ணு யாரும் சொல்லாமயே அந்த வேலைய ஆரம்பிச்சிட்டா.

கவர்மெண்ட் காலேஜ்ல பி.எஸ்சி. பாட்டனி போடுங்க, ஃபீஸ் உங்களுக்கு பாரமாவே இருக்காது. அப்புறம் பரங்கிப்பேட்டையில அண்ணாமலை யுனிவர்சிட்டியோட கடல் உயிரியல் மையம் இருக்கு, தொண்டியிலயே அழகப்பா யுனிவர்சிட்டியோட கடலியல் துறை இருக்கு. எம்.எஸ்சி. முடிச்சு நெட்னு ஒரு தேசிய தகுதித் தேர்வு எழுதி, ஆராய்ச்சி பண்றவங்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000 ரூபாய் வரும், மண்டபத்துல மத்திய அரசோட மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. ஆராய்ச்சி வேணாம்னா பாசி வளர்ப்பு, மதுரைப் பக்கம் பாசியில இருந்து அகர்ங்கிற ஜெல்லி எடுக்குற கம்பெனி லேப்னு போகலாம். வெறும் பி.எஸ்சி.யோட நின்னா வேலை கஷ்டம், அஞ்சு வருஷமாவது படிக்க விடணும், நடுவுல கல்யாணப் பேச்சு எடுக்கவே கூடாது, இதுல நான் கொஞ்சமும் இறங்கி வரமாட்டேன்.

மூணாவது தடவை கோச்சிங்னு எடுத்து வச்ச காசு இருந்தா இந்த லீவுல அவள நீச்சல் கிளாஸ்ல சேத்து விடுங்க, அது இல்லாம இந்த படிப்பு ஓடாது.