காபியை மறுத்த பையன்கள்

கேள்வி: ஜப்பானில் நகோயாவுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். போன மாதம் கொட்டுகிற மழையில் இரண்டு அமெரிக்கப் பையன்கள் மணி அடித்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் மிஷனரிகளாம். ஒருவனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். அம்மாவைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆச்சு என்றான். மனசு கேட்காமல் உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஃபில்டர் காபி கலந்து வாசலுக்கே கொண்டுபோனேன், அதையும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். நம் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று நினைத்தார்களோ? மறுபடி வரலாமா என்றதற்கு ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவைத்தேன். இரண்டு முறை வந்துவிட்டார்கள். ‘மதம் மாற்ற வந்தவர்கள், கதவையே திறக்காதே’ என்கிறார் கணவர். எனக்கு அவமானமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், நகோயா.

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த அவமானத்தை இறக்கி வையுங்கள். அவர்கள் மறுத்தது உங்களை அல்ல.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2017 முதல் 2019 வரை நாங்கள் கோபேயில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இதே மாதிரி நான்கு பையன்கள் குடியிருந்தார்கள். முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை மட்டும் நான்குதான். காலை ஆறரைக்கு என் தலைக்கு மேல் தொம் தொம் என்று சத்தம் வரும். தண்டால் எடுக்கிறார்கள். அதுதான் எனக்கு அலாரம். அதன்பின் சத்தமே இருக்காது. வேதப் படிப்பும் ஜப்பானிய மொழிப் படிப்புமாகப் பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினால், இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார்கள். பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும்.

அவர்கள் உள்ளே வராததற்குக் காரணம் அவர்களுடைய சட்டம். வீட்டில் பெண் தனியாக இருந்தால் ஆண் மிஷனரிகள் உள்ளே போகக் கூடாது, மழையானாலும் சரி, புயலானாலும் சரி. எங்கள் மாடிப் பையன்களும் என் வாசற்படியைத் தாண்டியது என் கணவர் வீட்டில் இருந்த நாட்களில் மட்டும்தான். தங்களுக்குள்ளும் அப்படித்தான். ஜோடியில் ஒருவர் மற்றவரின் கண் பார்வையில் இருந்தாக வேண்டும். குளியலறை தவிர வேறெங்கும் தனிமை கிடையாது. கல்யாணமான நமக்கே இது முடியுமா என்று நான் யோசித்ததுண்டு!

காபி கதையும் அதேதான். இந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833இல் அறிவித்த உணவு விதி ஒன்று உண்டு. மதுவும் புகையிலையும் அதிலேயே விலக்கு. ‘சூடான பானங்கள்’ என்று அதில் இருப்பதைக் காபி, டீ என்று பொருள் கொண்டார்கள். ஜப்பானில் எந்தக் கதவு திறந்தாலும் முதலில் நீட்டுவது பச்சைத் தேநீர்தானே? அதுவும் ஆகாது. ஆனால் முகிச்சா என்கிற வறுத்த பார்லித் தண்ணீரைக் குடிப்பார்கள், அதில் தேயிலை இல்லை. ஆக, அந்த டபராவை யார் வீட்டில் நீட்டியிருந்தாலும் தலை இப்படியேதான் ஆடியிருக்கும். கும்பகோணம் டிகிரி காபியை மறுப்பவனைப் பார்த்து எனக்கும் கோபம் வந்ததுதான், அது வேறு.

அவர்களுடைய வாரத்தில் திங்கட்கிழமை மட்டும்தான் கொஞ்சம் மூச்சு விடுகிற நாள். அதுவும் மாலை ஆறு மணி வரைதான். அன்று பால்கனிக் கம்பில் பத்துப் பதினைந்து வெள்ளைச் சட்டைகள் வரிசையாகக் காயும். அரிசி மூட்டை வாங்குவது, முடி வெட்டுவது, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அன்றுதான். நாங்கள் குடிபோன காலத்தில் வாரம் ஒரு மின்னஞ்சல் மட்டும் அனுப்பலாம். வீட்டோடு பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் என்று ஆண்டுக்கு இரண்டு முறைதான். 2019 பிப்ரவரியில்தான் வாராவாரம் பேசலாம் என்று சபை அனுமதித்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை குப்பை போட இறங்கினேன். மாடிப்படியில் ஒரு பையன் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் ஊரான அமெரிக்காவின் யூட்டாவில் அப்போது ஞாயிறு மாலை. இரண்டு படி கீழே அவனுடைய ஜோடி, கேட்காதவன் மாதிரி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். போனில் அம்மா நாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்: நாய் என்ன சாப்பிட்டது, எந்த சோபாவைக் கடித்தது என்று. பையன் ‘ம், ம்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் குப்பைப் பையோடு மறுபடி உள்ளே போய்விட்டேன்.

மற்ற நாட்களில் கால் தேய அலைவதுதான். வட்டாரத்து மிஷனரிகள் கூடுகிற கூட்டம் ஒரு நாள், இலவச ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஒரு மாலை, சபை உறுப்பினர் வீட்டுச் சாப்பாடு என்றாவது ஒரு நாள். மீதி நேரமெல்லாம் கதவு கதவாக மணி அடிப்பதுதான். இன்டர்காமில் ‘கெக்கோ தெஸு’ என்று ஒரு குரல் வரும், வேண்டாம் என்று அர்த்தம். ஒரு பையன் சொன்னான், அன்றைக்கு அறுபது வீட்டுக்கு மேல் போனதில் இரண்டே கதவுதான் திறந்ததாம். ஜப்பான் அவர்களுக்கு என்றுமே லேசான ஊர் இல்லை. 1901இல் யோகோஹாமாவில் இறங்கியவர்கள் 1924இல் மூட்டை கட்டினார்கள். அத்தனை வருஷத்தில் இருநூறு பேர்கூடச் சேரவில்லை. போருக்குப் பிறகு 1948இல்தான் திரும்பி வந்தார்கள். வாரத்தில் மிச்சமிருப்பது ஞாயிறு ஆராதனை, அதில் ஒரு துண்டு ரொட்டியும் திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீரும். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். நம் ஏகாதசி ஞாபகம் வரும்.

ஆண்களுக்கு இப்படி இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை. எந்த நாடு என்பது சபை முடிவு, கேட்டு வாங்க முடியாது. சம்பளமும் இல்லை. அமெரிக்கப் பையனின் வீட்டிலிருந்து மாதம் 400 டாலர் கட்டிவந்தார்கள், 2020இல் அது 500 ஆனது. பதினெட்டு, பத்தொன்பது வயதுக்கு ‘எல்டர்’ என்று பட்டம், மூத்தவர் என்று பொருள்! ஊரில் அம்மா கூப்பிடுகிற பெயரை அந்த இரண்டு வருடம் யாரும் கூப்பிடுவதில்லை. ‘மோர்மன்’ என்பதும் ஊர் வைத்த பெயர்தான். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப் பெயரும் சொல்லச் சொல்லி 2018இல் அவர்கள் தலைவரே கேட்டுக்கொண்டார்.

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். அவர் சொல்வது உண்மைதான், அவர்கள் வருவது மதம் மாற்றத்தான். அதை அவர்களே ஒளிக்கவில்லை, நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். புத்தகம் கொடுப்பார்கள், பாடம் சொல்வார்கள், ஞானஸ்நானம் எடுக்கிறீர்களா என்று சீக்கிரமே நேராகக் கேட்பார்கள். அவர் கவலை தப்பில்லை. ஆனால் கதவைத் திறக்காமல் இருப்பதால் இது தீராது. காரணம், நீங்கள் சொன்ன அந்த ‘பார்க்கலாம்’.

நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். கல்யாணத் தரகரிலிருந்து சீட்டுப் பிடிக்கிறவர் வரை எல்லாருக்கும் அது புரியும். யூட்டா பையனுக்குப் புரியாது. அறுபது ‘கெக்கோ’வுக்கு நடுவே ஒரு ‘பார்க்கலாம்’ கிடைத்தால் அது அவனுக்குத் தீபாவளி. உடனே உங்கள் பெயரும் விலாசமும் அவன் போனில் ஏறிவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். இவன் போய் இன்னொருவன் வந்தாலும் குறிப்பு கைமாறும், மணி மறுபடி அடிக்கும். அதனால் அடுத்த முறை சிரித்த முகமாகவே சொல்லுங்கள்: “தம்பி, எங்களுக்கு எங்கள் சாமி போதும். பாடம் வேண்டாம். எங்கள் பெயரைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.” கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘வேண்டாம்’ கேட்டுப் பழகிய காதுகள் அவை. சொல்லப் பழகிய வாயும்கூட, உங்கள் காபியையே மறுத்தார்களே!

பாவமாக இருக்கிறது என்றீர்களே, அதற்கும் வழி இருக்கிறது. கணவரிடம் இதையெல்லாம் சொல்லி, அவர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து இருவரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவருக்கு மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள், இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். கூப்பிடும்போதே ‘சாப்பாடு மட்டும்தான், பிரசங்கம் இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். சாப்பிடும் முன் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்வார்கள், செய்யட்டும். அந்தத் தம்பி சம்மதித்தால் இலை முன் உட்கார்ந்த மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். திங்கட்கிழமை அவன் அம்மாவுக்குப் போகும். காபி, டீ, பச்சைத் தேநீர் மட்டும் வேண்டாம். பூஸ்ட் தாராளமாகக் குடிப்பார்கள், டபராவிலேயே ஆற்றிக் கொடுங்கள்.

அடுத்த இடமாற்றத்தில் யார் எங்கே போவார்கள் என்று தெரியாது, அதனால் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம். தயிர் சாதம் பிடிக்கும். பக்கத்தில் மோர்மிளகாய் மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். ஏதோ சிப்ஸ் என்று நினைத்து முழுசாகக் கடித்த எல்டர் ஒருவர், ஒரு குடம் முகிச்சாவைக் காலி செய்துவிட்டுத்தான் மாடி ஏறினார்.