குக்கர் கொடுத்தால் வாசகர் வருவாரா?

வணக்கம் அம்மா,

நானும் மூன்று நண்பர்களும் எங்கள் ஊரில் இரண்டு வருடமாக ஒரு மாத இதழ் நடத்துகிறோம். 24 பக்கம், 20 ரூபாய். ஊர்க் கண்மாய்களின் கதை, பழைய கடைக்காரர்களின் பேட்டி, இரண்டு சிறுகதை, கொஞ்சம் கவிதை. 500 பிரதி அடிக்கிறோம், 200 விற்றால் பெரிது. மிச்சம் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

குறுக்கெழுத்துப் போட்டி வைக்கலாம், முதல் பரிசு ஐந்து லிட்டர் குக்கர் என்கிறான் ஒரு நண்பன். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் குக்கரை இலவசமாகத் தரத் தயார். ஆளுக்கு 10 ரூபாய் கட்டணம் வைத்தால் அச்சுக்கூலியும் வந்துவிடும் என்கிறான் இன்னொருவன். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கட்டிலுக்கடியில் 300 பிரதியை வைத்துக்கொண்டு கொள்கை பேசவும் கூச்சமாக இருக்கிறது. பரிசு காட்டி வாசகரை இழுப்பது தப்பா? மாதிரிக்கு நாங்கள் போட்ட கட்டத்தை இணைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

தப்பா என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, நானும் பரிசு காட்டி ஆள் பிடித்தவள்தான்.

1993-ல் தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒரு மாத இதழில் மெய்ப்புப் பார்க்கும், அதாவது அச்சுப்பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். பெயர்தான் மெய்ப்பு. தபால் பிரிப்பது, உறையில் முகவரி எழுதுவது, ஆசிரியருக்கு டீ சொல்வது எல்லாம் அதில் அடக்கம். விற்பனை மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் ஒருநாள், ஐந்து கேள்விக்குச் சரியான விடை எழுதினால் எவர்சில்வர் டிபன் கேரியர் என்று அறிவித்துவிட்டார். கடைசிப் பக்கத்துக் கூப்பனை வெட்டி அஞ்சலட்டையில் ஒட்டி அனுப்ப வேண்டும். அட்டை அப்போது 15 பைசா.

நாலாம் நாளிலிருந்து தபால்காரர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டார். 1,100 அட்டைக்கு மேல். பிரித்து அடுக்கியது நான். ஒரு இருநூறு தாண்டியதும் கண் பழகிவிட்டது. 'கு' எழுதும்போது வாலை மேலே சுழித்துவிடும் ஒரு கை. அதே நீல மை, அதே சுழி, பெயர் மட்டும் வேறு வேறு. தனியாக எடுத்து எண்ணினேன். 64. மனைவி, மச்சினன், மாமியார் எல்லாரும் முடிந்து, கடைசி அட்டைகளில் இருந்த பெயர்கள் வீட்டு ஆடுகளுடையதாகக்கூட இருக்கலாம்.

அந்த மாதம் 400 பிரதி கூடுதலாகப் போனது. ஆசிரியர் அல்வா வாங்கிவந்தார். இரண்டு வாரம் கழித்து, மளிகைக்கடைக்குப் பக்கத்திலிருந்த பழைய பேப்பர் கடையில் எங்கள் இதழ் ஒரு கட்டு தராசில் ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதுகூடப் பரவாயில்லை. எங்கள் அச்சகத்தில் ஓரம் ஒழுங்காக வெட்ட மாட்டார்கள். சில பக்கங்கள் மேல்முனையில் ஒட்டியபடியே வரும், வாசிப்பவர்தான் அடிக்கோல் வைத்துக் கீறிப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டில் ஒரு பிரதிகூடக் கீறப்படவில்லை.

போட்டியை நிறுத்தியதும் விற்பனை பழைய இடத்துக்கே வந்து நின்றது.

எங்கள் ஆசிரியர் இதைத் தன் சொந்த மூளை என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம். இங்கிலாந்தில் ஜார்ஜ் நியூன்ஸ் 1881-ல் 'டிட்-பிட்ஸ்' என்ற துணுக்கு வாரப் பத்திரிகையைத் தொடங்கி, இரண்டே வருடத்தில் ஒரு போட்டிக்கு வீட்டையே பரிசாகக் கொடுத்தார். லண்டனில் டல்விச் பகுதியில் வீடு, அதற்குப் பத்திரிகையின் பெயர். பிறகு இன்னொன்று செய்தார். ரயில் விபத்தில் இறந்தவரிடம் அந்த வாரத்து இதழ் இருந்தால் குடும்பத்துக்கு 100 பவுன். ரயில் ஏறுகிறவன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்வான். படிக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

அவரைப் பார்த்துக் கற்றவர் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த், பின்னாளில் 'டெய்லி மெயில்' தொடங்கியவர். 1889-ல் அவருடைய 'ஆன்ஸர்ஸ்' பத்திரிகை ஒரு கேள்வி கேட்டது. குறிப்பிட்ட நாளில் இங்கிலாந்து வங்கியில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு எவ்வளவு? மிக நெருங்கிச் சொல்பவருக்கு ஆயுள் முழுக்க வாரம் ஒரு பவுன். ஏழு லட்சம் அட்டைகளுக்கு மேல் குவிந்தன. ஆனால் அவருடைய சாமர்த்தியம் பரிசில் இல்லை, நிபந்தனையில் இருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், சொந்தக்காரராகவோ ஒரே வீட்டில் இருப்பவராகவோ இருக்கக் கூடாது. ஒருவன் விடை எழுதினால் அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் காதில் பத்திரிகையின் பெயர் விழும். 64 அட்டை எழுதிய எங்கள் ஆள் இதைக் கேட்டிருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார்.

ஹார்ம்ஸ்வொர்த்துக்கு அது பலித்தது. உங்களுக்குப் பலிக்குமா என்றால், எனக்குச் சந்தேகம். அவருடைய போட்டியும் துணுக்குதான், பத்திரிகையும் துணுக்குதான். ஒன்றுக்கு வந்தவன் மற்றதில் தங்கிவிட்டான். நம்மிடம் 1930-களில் ஆனந்த விகடனின் பரிசுக் குறுக்கெழுத்து அவ்வளவு பேரை இழுத்தது, சரி. ஆனால் கட்டத்துக்காக வாங்கியவரைப் பிடித்துக்கொள்ள அடுத்த பக்கத்தில் கல்கி இருந்தார். உங்கள் குக்கர் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும். கண்மாய்க் கரை வரைக்கும் கொண்டுபோய் விடாது.

பாண்டியன் தொங்கவிட்ட பொற்கிழிக்காக ஓடிவந்தவர் யார்? தருமி. பாட்டு அவருடையதும் இல்லை. அந்த மண்டபத்தில் அந்தப் பாட்டை உண்மையில் வாசித்தவர், காசு எதிர்பார்க்காமல் எழுந்து நின்று குற்றம் சொன்ன நக்கீரர்தான். பரிசுத்தொகையைப் பெரிதாகப் போட்டால் தருமிகள் வருவார்கள். எனக்கு நக்கீரர் கிடைத்தது வேறு வழியில், அதுவும் என் வேலைக்கே உலை வைத்தபடி.

டிபன் கேரியர் கூத்து முடிந்து ஆறு மாதம் இருக்கும். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் அட்டை போட்டார். "இம்மாத இதழில் 11 பிழைகள்" என்று ஆரம்பித்து, பக்கம், பத்தி, வரி எல்லாம் குறித்திருந்தார். மெய்ப்புப் பார்த்தவள் நான். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வெளியே வந்தால் ஆசிரியர் அட்டையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த இதழில் அறிவிப்பு வந்தது: 'இந்த இதழில் வேண்டுமென்றே மூன்று பிழைகள் விட்டிருக்கிறோம். கண்டுபிடிப்பவர் பெயர் அச்சாகும். ஒருவருக்கு ஆசிரியரின் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்.'

நாங்கள் விட்டது மூன்று. வந்த கடிதங்கள் கண்டுபிடித்தது 19.

மொத்தம் 37 கடிதம்தான். 1,100 எங்கே, 37 எங்கே! ஆனால் அந்த 37 பேரும் அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருந்தார்கள், விளம்பரம் உட்பட. நகைக்கடை விளம்பரத்தில் 'சேதாரம் இல்லை' என்பது 'சோதரம் இல்லை' என்று வந்திருந்ததை ஒரு அம்மா பிடித்துவிட்டார், கடைக்காரருக்கே அது தெரியாது. 'சுவர்க்கடிகாரமா, சுவர்கடிகாரமா' என்று இரண்டு பேர் மூன்று இதழுக்குச் சண்டை போட்டார்கள். சண்டையின் முடிவைப் பார்க்க இதழ் வாங்கியவர்கள் உண்டு. விற்பனை ஒரேயடியாக ஏறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். மெதுவாக, மாதம் பத்து இருபது என்று ஏறியது. ஏறியது இறங்கவில்லை. நான் வேலையை விட்டு வந்தபோதும் போஸ்ட் மாஸ்டர் அட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

10 ரூபாய்க் கட்டணம் சொன்ன நண்பரிடம் ஒரு வார்த்தை. அந்தப் பாதையில் போனவர்கள் பலர் கோர்ட்டில் போய்த்தான் நின்றிருக்கிறார்கள். லண்டனில் 'பியர்சன்ஸ் வீக்லி' ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு அது என்ன சொல் என்று கேட்டது. 1892-ல் இப்படிப்பட்ட போட்டி லாட்டரி என்று தீர்ப்பானதும் அது நின்றுபோனது. இங்கே 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது, அது வேண்டுமென்று தீர்மானம் போட்ட மாநிலங்களில் அன்றைய சென்னை மாநிலமும் ஒன்று. ஒரு மாதத்துப் பரிசுகள் மொத்தம் 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது, 2000 விடைத்தாளைத் தாண்டக் கூடாது, அதற்குள் நடத்தவும் உரிமம் வேண்டும். நல்ல ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றே இன்று அந்தத் தொகையைத் தாண்டிவிடும். 1957-ல் சாமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கும் போட்டிகளுக்குத்தான் இந்தச் சட்டம், திறமையைச் சோதிப்பவற்றுக்கு இல்லை என்று பிரித்துச் சொன்னது. திறமை, அதிர்ஷ்டம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் கட்டத்திலேயே இருக்கிறது. இடமிருந்து வலம் 5: 'ஏழைக்கு வேண்டியது', ப_ம். பணமா, பலமா, பழமா? மூன்றும் சரி. எது சரி என்று உங்கள் மேஜை அறைக்குள் இருக்கும் தாளுக்கு மட்டும் தெரியும். இதற்குப் பணம் வாங்கினால் அது சூதாட்டம்தான். பழைய பரிசுக் குறுக்கெழுத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் பிழைத்தன. கட்டணம் கூடாது. குறிப்புக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். மற்றதை ஊரில் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டத்துக்கே வருகிறேன், எனக்கு இதுதான் பிடித்த இடம். குறுக்கே 'பட்டம்' போட்டு, இரண்டாம் கட்டத்திலிருந்து கீழே 'டயர்' இறக்கியிருக்கிறீர்கள். குறுக்கே அது ட், கீழே அது ட. புள்ளி வைப்பதா, வேண்டாமா? தமிழ்ச்சொல் மெய்யில் தொடங்காது, ஆகவே புள்ளி எழுத்து விழும் கட்டத்திலிருந்து எதுவும் தொடங்க முடியாது. அங்கே இன்னொரு சொல் முடியலாம், நடுவில் கடந்து போகலாம். 'டயரை' ஒரு கட்டம் தள்ளி மூன்றாவதிலிருந்து இறக்குங்கள், அங்கே புள்ளியில்லாத ட இருக்கிறது. ழ, ள, ண, ற வரும் கட்டங்களிலும் கவனம், அவற்றில் தொடங்கச் சொல் கிடைக்காது. ஆங்கிலக் கட்டத்தைப் பார்த்து வரைந்தால் இங்கேதான் மாட்டுவோம். கறுப்புக் கட்டங்களை முதலில் போட்டுவிட்டு சொல் தேடாதீர்கள். சொற்களைக் கோத்துவிட்டு மிச்சத்தைக் கறுப்பாக்குங்கள்.

சொற்களை எங்கிருந்து எடுப்பது? உங்கள் இதழிலிருந்தே. கண்மாய்க் கட்டுரையைப் படித்தவருக்குத்தான் கலிங்கு தெரியும், மறுகால் தெரியும், குமிழி தெரியும். பாதிச் சொல்லாவது அந்த மாதத்துப் பக்கங்களுக்குள் ஒளிந்திருக்கட்டும். விடை அடுத்த இதழில். பரிசாக ஒரு புத்தகமோ ஒரு வருடச் சந்தாவோ போதும். சரியான விடை எழுதிய எல்லார் பெயரையும், ஊரோடு, அச்சிடுங்கள், அதற்கு ஒரு பக்கம் போனாலும் போகட்டும். விடையைத் தபாலில் கேட்பதாக இருந்தால் இன்னொரு சங்கதி: சாதாரண அஞ்சலட்டை 50 பைசா, ஆனால் போட்டிக்கென்று தபால்துறை தனி அட்டை வைத்திருக்கிறது, அது 10 ரூபாய். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே எண்ணிலிருந்து 64 வந்தால் தெரிந்துவிடும்.

பாத்திரக்கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். குக்கரின் விலையைப் பின்னட்டை விளம்பரத்துக்குப் பணமாகக் கேளுங்கள். தருவார் என்றுதான் நினைக்கிறேன்.

கட்டிலுக்கு அடியில் இருப்பவற்றைச் சலூன், பல் டாக்டர் வரவேற்பறை, டீக்கடை என்று ஊருக்குள் வையுங்கள், நிரப்பாத கட்டத்தோடும் ஒரு பேனாவோடும். எங்கள் தெருச் சலூனில் ஒரு பத்திரிகைக் கட்டத்தை ஒருவர் பாதி நிரப்பிவிட்டுப் போயிருந்தார். அடுத்து வந்தவர் அதில் இரண்டை அடித்துத் திருத்தியிருந்தார். முடி வெட்டுகிறவர் மூன்றாமவரிடம் எது சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திருத்திய கட்டத்தை எனக்கு அனுப்புங்கள், போட்டுப் பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் நான்கு ஒற்றுப்பிழைகள் இருந்தன. பழக்கதோஷம், திருத்தித்தான் வெளியிட்டிருக்கிறேன்.