வயது ஏறினால் கோபம் இறங்காதா?

கேள்வி: எனக்கு 63 வயது. பணி ஓய்வுக்குப் பின் மனம் அடங்கும் என்று நம்பினேன். மாறாக, நான் பேசும்போது யாராவது குறுக்கிட்டாலே சுள்ளென்று கோபம் வருகிறது. இந்த வயதில் தன்னடக்கம் பழக முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வயது அதைத் தானாகக் கொண்டுவந்து தராது. எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்று உணர்பவர்கள், தமக்கு உண்மையாகவே பொருள் தரும் உறவுகளையும் வேலைகளையும் தேர்ந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதால்தான், முதியவர்களில் பலர் இளையவர்களைவிட நிம்மதியாக இருக்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விளக்குகிறார். சொன்ன சொல் உடனே எடுபட வேண்டும் என்ற பதவிக்கால எதிர்பார்ப்பை நீங்கள் இன்னும் விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறுக்கீடு நிகழும் நொடியைக் கவனியுங்கள்: தாடை இறுகும், மூச்சு மேலேறும், அதன் பிறகே குரல் உயரும். அந்த இடைவெளியில், உள்ளிழுத்ததைவிட நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். மெதுவான வெளிமூச்சு, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பைத் தணிக்கும். 'இனி கோபமே படமாட்டேன்' என்று சபதம் எடுக்க வேண்டாம். அடக்கி வைத்த கோபம் வேறொருவர் மேல் பாயும் (பெரும்பாலும், எதிர்த்துப் பேசாதவர் மேல்தான்).

தூக்கக் குறைவும் எரிச்சலை வளர்க்கும். காது மந்தமாகி, பிறர் பேசுவது சரியாகக் கேளாததை அவமதிப்பாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இந்த மாற்றம் திடீரென்று வந்ததென்றால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.