குவாட்ரன்ஸ் என்றால் கால்

கேள்வி: பழைய ரோமானியரின் சில்லறைகளுக்கு ஏன் இத்தனை பெயர்கள்? எல்லாவற்றையும் 'காசு' என்று மொழிபெயர்த்தால் போதாதா?

பதில்: போதாது. இந்தக் 'காசு'டன் நான் இந்தப் பக்கத்தில் மல்லுக்கட்டுவது முதல் தடவை அல்ல. நீங்கள் சில்லறை என்பவை பின்னங்களின் பெயர்கள். 'அஸ்' என்றால் முழுசு, அடிப்படை வெண்கல நாணயத்தின் பெயரும் அதுதான். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு உன்கியா. இரண்டு பங்கு செக்ஸ்டன்ஸ், மூன்று குவாட்ரன்ஸ், அதாவது கால். நான்கு ட்ரியென்ஸ், ஆறு செமிஸ்.

குடியரசுக் கால வெண்கல நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் கப்பலின் முகப்பு, அருகே புள்ளிகள். மூன்று புள்ளி குவாட்ரன்ஸ், நான்கு ட்ரியென்ஸ். அரைக்கு மட்டும் புள்ளிக்குப் பதில் 'எஸ்' எழுத்து. புள்ளி தேய்ந்துபோயிருந்தால் முன்புறத் தலை சொல்லும்: சிங்கத்தோல் போர்த்திய ஹெர்குலிஸ் குவாட்ரன்ஸ், தலைக்கவசம் அணிந்த மினர்வா ட்ரியென்ஸ். எடையை நம்பினால் ஏமாறுவீர்கள். தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு ராத்தல் இருந்த அஸ், கி.மு. முதல் நூற்றாண்டில் அரை உன்கியா எடைக்கு, அதாவது ராத்தலில் இருபத்துநான்கில் ஒரு பங்குக்கு, இளைத்துவிட்டது. பழைய செக்ஸ்டன்ஸ் ஒன்று பிந்தைய அஸ்ஸைவிடக் கனமாக இருக்கும்!

இந்தச் சொற்கள் சந்தையோடு நிற்கவில்லை. சொத்து முழுவதும் ஒருவருக்கே என்றால் அவர் 'அஸ்'ஸுக்கு வாரிசு. சீசரின் உயிலில், பின்னாளில் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியனுக்குக் கிடைத்தது டோட்ரன்ஸ் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். டோட்ரன்ஸ் என்றால் கால் குறைந்தது. நாம் இருக்கும் மூன்று காலை எண்ணி முக்கால் என்கிறோம், அவர்கள் இல்லாத காலைச் சொன்னார்கள். இதையெல்லாம் காசு என்று எழுதினால் உயிலே புரியாது.

மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் செஸ்டர்டியஸ் என்ற நாணயம். 'மூன்றாவது அரை' என்பது சொற்பொருள்: இரண்டு முழுசு, மூன்றாவது பாதி, ஆக இரண்டரை அஸ். ஆனால் கி.மு. 141 வாக்கில் டெனாரியஸ் என்ற வெள்ளி நாணயத்தின் மதிப்பு 10 அஸ்ஸிலிருந்து 16 ஆனது. அதில் கால் பங்கான செஸ்டர்டியஸும் நான்கு அஸ் ஆயிற்று, பெயர் மட்டும் மாறவில்லை. சிசரோவின் கணக்கில் வரும் செஸ்டர்டியஸை இரண்டரையால் பெருக்குகிறவர் தொகையைக் குட்டிச்சுவராக்குகிறார்.

பழைய தமிழ் விவிலியத்தைப் பாருங்கள். மாற்கு 12:42இல் ஏழை விதவை காணிக்கையாகப் போட்டது லெப்டா என்ற மிகச் சிறிய நாணயம் இரண்டு, அது ஒரு குவாட்ரன்ஸ் என்கிறது கிரேக்க மூலம். தமிழில் 'ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு'. லெப்டாவுக்குக் காசு, குவாட்ரன்ஸுக்குத் துட்டு. அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சொல் போதவில்லை.